உங்கள் பெயரில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? தேடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாம்பலம் செந்தில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் பெயர் செந்தில்குமார். சென்னையில் இந்தப் பெயரைச் சொன்னால் "எந்தச் செந்தில்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பள்ளியில் வாத்தியார் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார், அதோடு குழப்பம் தீர்ந்துவிடும். இணையத்தில் இனிஷியல் போதவில்லை. என் இனிஷியலோடு பெயரைத் தேடினால் ஒரு பல் மருத்துவர், ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஒரு டிராக்டர் விற்பனையாளர், மலேசியாவில் ஒரு பொறியாளர், ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர், ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் வருவதற்குப் பல பக்கங்கள் தள்ள வேண்டும்.

இதைப் பொழுதுபோக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. நம் பெயர் அமைப்பே இப்படி: வைத்த பெயர் ஒன்று, அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று. குடும்பப் பெயர் கிடையாது. அந்த முதல் எழுத்துகளும் எஸ், ஆர், எம், கே, பி, வி என்று ஒரு சில எழுத்துகளுக்குள்தான் பெரும்பாலும் அடங்குகின்றன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்த செந்தில், கார்த்திக், சுரேஷ், ரமேஷ், உமா, கவிதா எல்லாருக்கும் அச்சு அசலாக அதே இனிஷியலோடு இன்னொருவர் இருந்தே தீருவார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் எதிராளி முதலில் செய்வது பெயரைத் தேடுவதுதான். அவர் கண்ணில் படுவது நானா, வேறொரு செந்திலா?

நீங்கள் தேடியிருக்கிறீர்களா? யாரையாவது தொடர்புகொண்டீர்களா? நம் பெயரைச் சுமக்கும் அந்த இன்னொருவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

---

தரமணி நிரலர்

நல்ல இழை சார். முதலில் எப்படித் தேடுவது என்று சொல்லிவிடுகிறேன். பலர் பெயரை அப்படியே தட்டிவிட்டு, வந்ததைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அப்போதுதான் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் வரும். உங்கள் பெயரில் ஒரு பிரபலம் இருந்தால், அவரோடு சேர்ந்து வரும் சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அவரை விலக்கலாம். நடிகர் என்றால் சினிமா, கிரிக்கெட் வீரர் என்றால் ஐபிஎல், இப்படி.

அடுத்தது எழுத்து. தமிழில் கார்த்திக் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'டி' போட்டு, 'டிஎச்' போட்டு, கடைசியில் 'கே' போட்டு, 'சிகே' போட்டு, எண் ஜோதிடம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டி என்று பல வடிவங்கள். செந்தில்குமாரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், விரித்து எழுதினால் அப்பா பெயராகவே வரும். எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தமிழ் எழுத்திலும் தேடுங்கள், அங்கே வேறு ஆட்கள் கிடைப்பார்கள். ஆங்கிலத்தில் தேடினால் லிங்க்ட்இன் காரர்கள், ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள். தமிழில் தேடினால் மாவட்டச் செய்திகளில் வருபவர்கள், கவிதை எழுதுபவர்கள், கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள். ராமசாமியின் மகன் ஒருவர் ஓரிடத்தில் 'ரா.', இன்னோரிடத்தில் 'இரா.', வேறிடத்தில் 'ஆர்.' என்று இருப்பார். மூன்றும் ஒரே ஆள்தான்.

கடைசியாக, கூகுள் அலர்ட்ஸ். 2003-லிருந்து இருக்கிற வசதி. உங்கள் பெயரைக் கொடுத்துவைத்தால் புதிதாக எங்கேயாவது வரும்போது மின்னஞ்சல் வரும். பொதுவான பெயர் என்றால் ஊரையும் தொழிலையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி நிரம்பிவிடும்.

---

மயிலை ரசிகை

இந்தப் பிரச்சினையை சங்கீத உலகம் எப்போதோ தீர்த்துவிட்டது. மதுரை மணி ஐயர் பாடகர், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம். இருவரும் 1912-இல் பிறந்தவர்கள். ஒரே மேடையில் ஒருவர் பாட மற்றவர் வாசித்திருக்கிறார். ஊர்ப்பெயர் முன்னால் நிற்பதால் இன்று வரை யாருக்கும் குழப்பம் இல்லை. அரியக்குடி, செம்மங்குடி, முசிறி என்று ஊரைச் சொன்னாலே போதும், பெயரே வேண்டாம்.

வீணை எஸ். பாலசந்தர், இயக்குநர் கே. பாலசந்தர் இருவரையும் வாத்தியமும் இனிஷியலும் பிரித்துக் காட்டின. இலக்கியத்தில் எஸ். ராமகிருஷ்ணன் என்றால் இரண்டு பேர். ஒருவர் சாகித்ய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர். இன்னொருவர் க்ரியா பதிப்பகத்தை நடத்தி 2020-இல் மறைந்த பதிப்பாளர். இனிஷியல்கூட ஒன்றுதான். ஆனால் வாசகர்கள் இரண்டாமவரை 'க்ரியா ராமகிருஷ்ணன்' என்றே சொன்னார்கள். அவர் செய்த வேலையே அவருக்கு முன்னொட்டாகிவிட்டது.

விண்ணப்பப் படிவத்தில் ஊருக்கும் வேலைக்கும் பெயரோடு இடம் கிடையாது. அங்கேதான் நாம் எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறோம்.

---

பள்ளிக்கரணை தமிழாசிரியர்

மேடம் சொன்னதை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம். சங்கப் புலவர்களில் சாத்தனார்கள் பலர். அதனால்தான் ஒருவர் 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்'. வாழ்ந்த ஊர், செய்த தொழில் (கூலம் என்றால் தானியம்), சொந்த ஊர், கடைசியில்தான் பெயர். இன்னொருவர் துணி வணிகர்: 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்'. நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று தந்தையின் தொழிலால் குறித்தார்கள். ஒக்கூரில் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு.

அடையாளம் தொலைந்த இடமும் உண்டு. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்பது. ஆனால் மக்கள் மனதில் எல்லாரும் சேர்ந்து கோலூன்றிய ஒரே பாட்டியாகிவிட்டார்கள். அதியமானோடு கள் அருந்திப் பேசிய சங்க காலத்துப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவரின் வாழ்க்கை இன்னொருவரால் மூடப்படுகிறது. கூகுள் முதல் பக்கத்தில் நடப்பதும் இதுதான். என் மாணவர்களுக்கு இதை வகுப்பில் அடிக்கடி சொல்வேன், எனக்கு அவ்வளவு வருத்தமான விஷயம் அது.

---

போரூர் புது அப்பா

நேராகவே கேட்கிறேன். மற்ற மாநிலத்தார் மாதிரி குடும்பப் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? வளைகுடா வேலைக்குப் போகும் நம் ஆட்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு எவ்வளவு அல்லாடுகிறார்கள்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றபோது எங்கள் உறவினர் ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்தார்.

---

மாம்பலம் செந்தில்

தம்பி, அந்தச் சிரமம் உண்மைதான். ஆனால் நமக்குப் பின்னொட்டு இருந்தது, அதை நாமே விட்டோம். அதன் பெயர் சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரோடு போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ராமசாமி நாயக்கர் என்ற பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தவர் பெரியார். அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறையில் தமிழ்நாட்டுப் பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்தே சாதிப் பெயர்கள் போய்விட்டன. என் பெயரைத் தேடுகிறவருக்கு என் சாதி தெரியாது. அதற்கு விலையாக என்னைப் போல இன்னும் ஆயிரம் செந்தில் இருக்கட்டுமே, எனக்குச் சம்மதம்.

---

கொரட்டூர் வாசகன்

குடும்பப் பெயர் இருந்தாலும் தீராது என்பதற்கு ஜப்பான்தான் சாட்சி. தனாகா ஹிரோகாசு என்று ஒருவர். 1994-இல் தொழில்முறை பேஸ்பால் அணிக்குத் தேர்வான வீரர் ஒருவருக்குத் தன் பெயரே இருப்பதைச் செய்தியில் பார்த்தவர், அதிலிருந்து அதே பெயர்க்காரர்களைத் தேட ஆரம்பித்தார். 2022 அக்டோபரில் டோக்கியோவின் ஷிபுயாவில் 178 தனாகா ஹிரோகாசுக்கள் ஒன்றுகூடிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். சில மாதங்களிலேயே செர்பியாவில் ஒரே பெயர் கொண்ட 256 பெண்கள் கூடி அதை முறியடித்துவிட்டார்கள்.

குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் சேர்ந்தே இத்தனை பேர். கொரியாவில் 2015 கணக்கெடுப்பின்படி மக்களில் 21.5 சதவீதம் பேர் கிம். அங்கே குடும்பப் பெயர் யாரைப் பிரித்துக் காட்டியது?

எனக்குத் தனாகா கதையில் பிடித்தது சாதனை இல்லை. அத்தனை வருஷம் ஒருவர் விடாமல் தேடினார், தேடிப் போனபோது மற்றவர்கள் சந்தோஷமாக வந்தார்கள். நம் ஊரில் நேரு விளையாட்டரங்கத்தில் எல்லா கார்த்திக்கும் கூடினால் நான் வேடிக்கை பார்க்கவாவது போவேன்.

---

வேளச்சேரி கவிதா

எல்லாரும் தேடுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நேர்மாறு. நான் தேடாமலே வந்து சேர்கிறார்கள்.

ஜிமெயில் 2004-இல் வந்தது. அழைப்பு இருந்தால்தான் கணக்கு கிடைக்கும் என்று இருந்த காலத்தில் என் அண்ணன் எனக்கு இனிஷியலும் பெயரும் மட்டும் உள்ள முகவரியை எடுத்துக் கொடுத்தார். எண் கிடையாது, சுத்தமான பெயர். அதனால் என் பெயர் கொண்ட மற்றவர்களின் கடிதங்கள் எனக்கு வருகின்றன. காரணம் எளிது. ஜிமெயில் முகவரியில் புள்ளிக்கு மதிப்பு இல்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். அவர்கள் முகவரியில் ஓர் எண்ணோ கூடுதல் எழுத்தோ இருக்கும். கவுண்டரில் அவசரமாக எழுதும்போது அது விடுபடும். கடிதம் என்னிடம் வந்துவிடும்.

கோவைக்கு ரயில் டிக்கெட், பள்ளிக் கட்டண ரசீது, காப்பீட்டுப் பிரீமியம் நினைவூட்டல், நேர்காணல் அழைப்பு எல்லாம் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து கட்டித் திசுச் சோதனை அறிக்கை வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பெண் எங்கேயோ உட்கார்ந்து அந்த அறிக்கைக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். இணைப்பைத் திறக்காமல் அந்தக் கூடத்தின் தொலைபேசிக்கு அழைத்தேன். எடுத்தவர் "டெலீட் பண்ணிடுங்க மேடம்" என்றார். நான் விடவில்லை. அவர்களிடம் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணுக்கு இப்போதே அழைத்து, முகவரி தவறு என்று சொல்லுங்கள், நான் லைனில் இருக்கிறேன் என்றேன். அழைத்தார்கள். அதன் பிறகுதான் அழித்தேன்.

செந்தில் சார் கேட்டாரே, கடன்பட்டிருக்கிறோமா என்று. என் பதில், ஆமாம். அவள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அவளுடைய கடிதம் என் வாசலுக்கு வந்தால் உரிய வாசலில் சேர்ப்பது என் வேலை.

---

மாம்பலம் செந்தில்

கவிதா மேடம், நான் இந்த இழையைத் தொடங்கியதே இதைக் கேட்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நன்றி.

---

ராயபுரம் கரையோரம்

வாக்காளர் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005 பழைய பட்டியல்களில் பெயரைத் தேட வேண்டியிருந்தது. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு நானும் இரண்டு கல்லூரிப் பையன்களும் உட்கார்ந்து தேடிக் கொடுத்தோம். ஒரே பாகத்தில் அந்தோணி, மேரி, பாத்திமா, முருகன் எல்லாம் வரிசையாக வருவார்கள். பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும். அதிலும் பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பம் வேறு.

ஒரு பாட்டி தன் பெயரையும் கணவர் பெயரையும் பழைய பட்டியலில் பார்த்துவிட்டு அந்தத் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கணவர் இறந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. அவர் பெயர் அரசாங்கத் தாளில் இன்னும் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

---

கீழ்ப்பாக்கம் வக்கீல்

தமிழாசிரியர் ஐயா சொன்னதைப் படித்ததும் சட்டம் நினைவுக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதி உண்டு. ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் இருந்தால் தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்து அவர்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். கூலவாணிகன் சாத்தனாருக்குச் செய்த அதே ஏற்பாடு.

நடைமுறையில் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை 2024-இல் ராமநாதபுரத்தில் பார்த்தோம். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே தொகுதியில் இன்னும் சில ஓ. பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்கள், இனிஷியல் உட்பட அதே பெயர். அவர் இரண்டாமிடம் வந்தார். கேரளத்தில் 2004-இல் ஆலப்புழையில் வி. எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். வி. எஸ். சுதீரன் என்ற இன்னொருவர் 8,282 வாக்கு வாங்கியிருந்தார். வாக்குச் சீட்டில் வேட்பாளர் படம் வந்ததே 2015-இல்தான், இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு இது போனபோது, பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று தடுக்க முடியாது என்ற கருத்தோடு மனுவை ஏற்க மறுத்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இனி உங்களுக்குப் பயன்படும் விஷயம். உங்கள் பெயரைத் தேடினால் இரண்டு வகையான பிடிஎஃப் வரும். ஒன்று தமிழ்நாடு அரசிதழ். பெயர் மாற்றிக்கொள்பவர்களின் அறிவிப்பு அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அதில் வெளியாகும். பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கும் பகிராதீர்கள்.

இன்னொன்று நீதிமன்றத் தீர்ப்பு. இங்கேதான் உண்மையான ஆபத்து. நீதிமன்ற வழக்குகளுக்கான இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கில் உள்ளவர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஒரு செந்தில்குமார் மீது வழக்கு இருப்பது தெரிந்தால், திருமணத்துக்கு விசாரிப்பவரோ வேலை கொடுப்பவரோ அது உங்கள் மகன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். என்னிடம் இப்படி வந்த குடும்பம் உண்டு. தந்தை பெயர், வயது, காவல் நிலைய எல்லை மூன்றையும் தீர்ப்பில் காட்டி, இது வேறு ஆள் என்று எழுதிக் கொடுத்தோம். ஆனால் சம்பந்தம் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

விடுதலை ஆனவருக்கே தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து எடுப்பது எளிதாக இல்லை. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் கேட்டபோது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர் நிலையே இது என்றால், வழக்கில் சம்பந்தமே இல்லாத பெயர்க்காரர் எங்கே போவார்?

---

கொளத்தூர் ஓய்வு வங்கியாளர்

வக்கீல் சார் சொன்னதோடு கடன் வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி அல்லது நெருக்கமான முகவரி இருந்தால் இன்னொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் ஏறிவிடும். பான் எண் சரியாகப் பதிவாகாத பழைய கடன்களில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பையன் வீட்டுக் கடனுக்குப் போவான், வேறு யாரோ கட்டாமல் விட்ட இருசக்கர வாகனக் கடன் அவன் பெயரில் நிற்கும்.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், இது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கையும் எடுத்துப் பாருங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. உங்களுடையது அல்லாத கணக்கு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

கூகுளில் பெயர் தேடுகிற எல்லாரும் இதையும் ஒருமுறை செய்துவிடுங்கள். உங்கள் பெயர்க்காரர் எங்கே குடியிருக்கிறார் என்பதைவிட அவர் கடன் எங்கே குடியிருக்கிறது என்பது முக்கியம்.

---

வண்ணாரப்பேட்டை வானதி

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

"உங்கள் பெயரும் என் பெயரும் ஒன்று, பேசலாமா?" என்று முகநூலில் செய்தி வருவது ஆண்களுக்கு சுவாரசியமாக இருக்கலாம். பெண்களுக்கு அப்படி இல்லை. பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி அப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் பதில் சொன்னதே இல்லை, சொல்லப் போவதும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் படம், வேலை, குழந்தைகள் என்று பார்த்துக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயர் ஒன்று என்பதற்காக அவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

---

கொரட்டூர் வாசகன்

நியாயம்தான் சகோதரி. ஆனால் பொதுவெளியில் அவர்களே எழுதியிருப்பதைப் படிப்பதில் என்ன தவறு?

---

வண்ணாரப்பேட்டை வானதி

எழுதியிருப்பதைப் படிப்பதில் தவறில்லை. அதைச் சேர்த்து வைத்து, கோத்துப் பார்த்து, இவர் இந்த ஊர், இவர் மனைவி இவர் என்று இங்கே வந்து பட்டியல் போடுவதில் தவறு இருக்கிறது. இந்த இழையில் இதுவரை யாரும் அப்படிச் செய்யவில்லை, சந்தோஷம். அது அப்படியே இருக்கட்டும்.

---

வேளச்சேரி கவிதா

வானதி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். அவர்களுக்கு ஒரு பயன் இருந்தால் மட்டும் தொடர்பு, என் ஆர்வத்துக்காக இல்லை. நான் வகுத்துக்கொண்ட எல்லை அதுதான். அறிக்கையோ டிக்கெட்டோ வந்தால் அனுப்பியவருக்குச் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வரி பேசமாட்டேன்.

---

அயனாவரம் ஐசிஎஃப்

எல்லையைத் தாண்டாமல் நடந்த ஒன்றைச் சொல்லலாமா?

என் பெயரைத் தேடியபோது மலேசியாவில் ஒருவர் வந்தார். அங்கே தமிழர் பெயர் நடுவில் 'ஏ/எல்' என்று இருக்கும், இன்னாரின் மகன் என்று பொருள். பெண்களுக்கு 'ஏ/பி'. அதனால் தந்தை பெயர் முழுதாகத் தெரியும். அவர் தந்தை பெயர் என் தாத்தா பெயர். எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், ஆகவே அந்த இரண்டு பெயரும் எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வரும். தாத்தாவின் சித்தப்பா ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், கடிதம் நின்று போனது என்று வீட்டில் சொல்வார்கள்.

ஒரே ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊர் பெயர், குலதெய்வம் பெயர் இரண்டையும் மட்டும் சொல்லி, உங்களுக்குத் தெரிந்திருந்தால் பதில் போடுங்கள், இல்லாவிட்டால் மன்னிக்கவும் என்று. பதில் வந்தது. அவருக்கு ஊர் பெயர் தெரியாது. குலதெய்வம் பெயரை மட்டும் தன் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அந்தப் பெயரில் தஞ்சை வட்டாரத்தில் கோயில்கள் நிறைய, ஆகவே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வருகிறது, நானும் போடுகிறேன். என்னை 'அண்ணே' என்கிறார். உறவா இல்லையா என்று இனித் தோண்ட எனக்கு விருப்பமில்லை.

---

மாம்பலம் செந்தில்

அருமை சார். ஆளுக்கு ஒரு கோணத்தில் சொன்னதைப் படித்த பிறகு என் எண்ணம் இன்னும் உறுதியாகிறது. நம் வழக்கத்தில் பெயர் தனியாக நின்றதே இல்லை. ஊர், அப்பா, தொழில், குலதெய்வம், தெரு என்று ஏதாவது ஒன்று கூடவே வந்தது. படிவமும் தேடுபொறியும் அந்தத் துணையை வெட்டிவிட்டு வெறும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆகவே பெயரை மட்டும் வைத்து யாரைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ முடிவு செய்யக் கூடாது. விசாரிக்கிற இடத்தில் நாம் இருந்தால், "எந்தச் செந்தில்?" என்ற அந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

---

போரூர் புது அப்பா

நான் ஆரம்பத்தில் குடும்பப் பெயர் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மகள் பிறந்து சில வாரம்தான் ஆகிறது. பெயர் முடிவாகவில்லை. மனைவிக்கு ஒரு பழைய பெயர் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் தேடினால் அந்தப் பெயரில் எக்கச்சக்கமானவர்கள். யாருக்கும் இல்லாத பெயராகத் தேட வேண்டுமா? பிறப்புச் சான்றிதழுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?

---

கொளத்தூர் ஓய்வு வங்கியாளர்

வாழ்த்துகள் தம்பி. அவசரமே இல்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் அவ்வளவு தள்ளாதீர்கள், பள்ளிச் சேர்க்கைக்குள் முடித்துவிடுங்கள்.

பிடித்த பெயரையே வையுங்கள். இனிஷியலை மட்டும் சுருக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியும் விரித்துத்தான் எழுதியாக வேண்டும். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தும் கடைசிப் பெயரின் முதல் எழுத்துதான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் முதல் நாளிலிருந்தே ஒரே எழுத்துக்கோவையில் முழுப் பெயர் இருந்தால் பின்னால் பாதித் தொல்லை வராது.

---

வேளச்சேரி கவிதா

அப்பா பெயர் மட்டும்தான் என்று இல்லை, அம்மா பெயரையும் சேர்க்கலாம். அம்மா, அப்பா இருவர் பெயரும் முழுதாக இருந்தால் அதே மூன்று பெயரும் அதே வரிசையில் இன்னொரு குழந்தைக்கு அமைவது அபூர்வம்.

---

போரூர் புது அப்பா

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரவு மனைவியிடம் காட்டினேன். அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து என்று முடிவாகிவிட்டது. மகளுக்கு அந்தப் பழைய பெயரையே வைக்கிறோம். அடுத்த வாரம் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். ஆங்கில எழுத்துக்கோவையை மட்டும் தரமணி சார் ஒருமுறை பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும், தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

---

தரமணி நிரலர்

அனுப்புங்கள். கூடுதல் எழுத்து எதுவும் வேண்டாம், உச்சரிப்புப்படி எளிமையாக இருக்கட்டும்.